அக்கா படித்துச் சொன்ன செய்தி

எனக்கு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு விஷயத்தைக் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். மோசமான வானிலையில் உன்னை வா வா என்று கூப்பிடுகிறவன் தரையில் நிற்கிறவன். அவன் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேள் என்பார்கள். நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். கல்யாண வீட்டார், கட்சிக்காரர்கள், கம்பெனி முதலாளிகள் என்று எத்தனையோ பேரிடம் இன்றைக்குப் பறக்க முடியாது என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மழை பெய்தால் என்ன, உங்கள் வண்டியில் வைப்பர் கிடையாதா என்று ஒரு மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆனால் அதே இயந்திரத்தில், எனக்குப் பின் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறவர் பொய் சொல்வார் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் விழுந்தால் அவரும்தான் விழுவார். அப்படிப்பட்டவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்? இந்த நம்பிக்கை ஒரு தை மாதக் காலையில் போய்விட்டது. அன்றைக்கு விழுந்த அடி இன்னும் எனக்கு ஆறவில்லை.

என் அக்கா கணக்கு டீச்சர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். விடைத்தாளில் அரை மார்க் கூடுதலாகப் போட்டுவிட்டோமோ என்று சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்த் திருத்திவிட்டு வருகிற ஆள். வாழ்க்கைப்பட்டது திருப்புல்லாணிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு ஊர். மச்சான் விவசாயி. மிளகாயும் நெல்லும் போடுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அந்த ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். மச்சான்தான் திருப்பணிக் கமிட்டித் தலைவர்.

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் கும்பாபிஷேகம் என்றால் ஹெலிகாப்டரில் வந்து கோபுரத்தின் மேல் பூத் தூவுவது பழகிப்போன ஒன்று. பக்கத்து ஊரில் தூவினார்கள் என்றால் இந்த ஊரிலும் தூவியாக வேண்டும். அதிலும் தலைவருடைய மச்சினனே கேப்டனாக இருக்கும்போது கேட்கவா வேண்டும்? நான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே ஒரு சின்ன ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு ஆயிற்று. மதுரையிலிருந்து கிளம்பி, கலசத்தில் தண்ணீர் ஊற்றுகிற நேரத்துக்குப் போய், கோபுரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். பூவை யார் தூவுவது என்ற பேச்சு வந்தபோது, நான் போறேன் என்று அக்கா முந்திக்கொண்டாள். கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். கேப்டனுடைய அக்கா என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

தையில் மழை எங்கே வரப்போகிறது என்று எல்லோரும் இருந்தோம். முதல்நாள் சாயங்காலம் மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு தாழ்வு நிலை வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் மதுரையில் வெயில் அடித்தது. செயற்கைக்கோள் படத்தில் கடற்கரையை ஒட்டி வெள்ளையாக ஒரு பட்டை. விமான நிலையத்து வானிலை அறிக்கை மதுரையோடு முடிந்துவிடும். அக்காவின் ஊர் வானத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்ல அங்கே நிற்கிற மனிதர்களை விட்டால் வேறு வழி கிடையாது.

அதனால் மச்சானோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். கோயில் வாசலில் நின்று பார்த்தால் ஊர்த் தண்ணீர் டேங்க் தெரியும். அதன் தலை தெளிவாகத் தெரிந்தால் வரலாம். தெரியவில்லை என்றால் யோசிக்காமல் வேண்டாம் என்று மெசேஜ் போட்டுவிடுங்கள், பறக்கும்போது பேசினால் காதில் விழாது என்றேன். மச்சான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி ஒப்பித்தார். கிளம்புகிற நேரத்தில் லேசாகத் தூறுகிறது, டேங்க் தெரிகிறது என்றும் சொன்னார். என் ஃபோனை அக்கா கையில் கொடுத்து, மச்சான் என்ன போட்டாலும் உடனே படித்துச் சொல்ல வேண்டும் என்றேன். பூத் தூவுவதற்காகப் பின்பக்கத்துக் கதவைக் கழற்றியிருந்தோம். அக்கா பட்டுப்புடவைக்கு மேல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, காதில் ஹெட்செட்டோடு, பூக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கச் சிரிப்பாக வந்தது. சிரிக்காதேலே என்றாள்.

ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போனேன். மானாமதுரை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பரமக்குடி தாண்டியதும் வானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. மேகம் இறங்கினால் நானும் இறங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உள்ளே போகக் கூடாது. கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு மேகம் பஞ்சு மாதிரி இருக்கும். உள்ளே போனால் மேல் எது, கீழ் எது என்று உடம்புக்கே தெரியாது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும், நமக்கு நேராகப் போவது போலவே இருக்கும். என்னுடையது போன்ற சின்ன ஹெலிகாப்டரில் அப்படி மாட்டிக்கொண்டவர்களில் வெகு சிலர்தான் திரும்பி வந்து கதை சொல்லியிருக்கிறார்கள். அதனால் எனக்கு நானே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஐந்நூறு அடிக்குக் கீழே இறங்க வேண்டிவந்தால் திரும்பிவிடுவேன்.

ராமநாதபுரத்துக்கு மேலே வந்தபோது அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தேன். பின்னால் இன்னும் வெளிச்சம் இருந்தது. முன்னால் தெற்கே சாம்பல் நிறம். முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்னால் இருப்பது ஒரு திட்டு மேகம் மட்டும் என்றால், சாலையைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடலாம். கடற்கரை வரைக்கும் இப்படியே என்றால் இங்கேயே திரும்பிவிட வேண்டும். மச்சான் என்ன போட்டிருக்கிறார் என்று அக்காவிடம் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது, கண்ணாடியைத் தேடுகிறாள் போல என்று நினைத்தேன். பிறகு ஹெட்செட்டில் அவள் குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கைப் படித்துக் காட்டுகிற அதே நிதானமான குரல்.

"வெளிச்சமா இருக்காம். டேங்கு நல்லாத் தெரியுதாம். வரச் சொல்றாக."

போனேன். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஏர்வாடிக்குப் போகிற சாலையைக் கண்ணை விட்டு விலகாமல் வைத்துக்கொண்டேன். சாலையில் தர்காவுக்குப் போகிற வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லா வண்டியிலும் முன்விளக்கு எரிந்தது. காலை ஒன்பதரை மணிக்கு இத்தனை பேர் ஏன் விளக்கைப் போட்டுக்கொண்டு போகிறார்கள்? வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியில் தூறல் கோடு கோடாக ஓடியது. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டேன் என்று உயரமானி காட்டியது. திரும்பலாம் என்று தலையைத் திருப்பிப் பார்த்தால், வந்த வழியும் மூடிக்கொண்டிருந்தது.

பயணிகளிடம் விமானி சொல்லக் கூடாத ஒரு வார்த்தை உண்டு. அக்காதானே என்று அதைச் சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"இந்தா வந்துருச்சு தம்பி. அங்கன வெளிச்சந்தான்" என்றாள்.

மேகம் அழுத்த அழுத்த இறங்கிப் பனை உயரத்துக்கே வந்துவிட்டேன். சாலையோரத்துப் பனைமரங்களுக்குத் தலை இல்லை. அடிமரம் மட்டும் தெரிகிறது, மேலே வெள்ளை. அதைப் பார்த்த நிமிடத்தில், ஃபோனில் யார் என்ன சொன்னாலும் சரி, என் கண் சொல்வதைத்தான் கேட்பேன் என்று முடிவு செய்தேன். சுற்றிலும் சீமைக்கருவேலம். இடது பக்கம் காலியாக ஒரு தரிசு நிலம், நாலைந்து ஆடுகள். கம்பி ஏதும் குறுக்கே ஓடுகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்தேன். இறக்கிவிட்டேன். ஆடுகள் பிய்த்துக்கொண்டு ஓடின. விசிறிக் காற்று திறந்த கதவு வழியாகப் புகுந்து கூடையிலிருந்த மல்லிகை, ரோஜா இதழ்களையெல்லாம் அள்ளிச் சேற்றில் கொட்டியது. என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதுகு முழுக்க வேர்வை.

அக்கா கீழே இறங்கி வந்து என் கதவைத் திறந்தாள். இவ்வளவு கோபத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. ஏன் இறக்கினாய், இன்னும் ரெண்டு நிமிஷம்தானே, ஊர் இந்தா கையெட்டுகிற தூரம் என்றாள். எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே என்றாள். உயிரோடு இருக்கிறோமே, அது போதாதா என்று நான் கத்தினேன். ஃபோனைக் கேட்டேன். அணைந்துபோய்விட்டது என்றாள். கொடு, நான் போட்டுக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. எனக்கு அப்போதும் புரியவில்லை.

நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒரு குடையோடு ஓடிவந்தார். சவுதியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவராம். வீடு பக்கத்துத் தோப்புக்குப் பின்னால்தான். ஆட்டுக்காகச் சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முதலில் அக்காவுக்குக் குடையைப் பிடித்தார்.

"அல்ஹம்துலில்லா. டவரைப் பாத்துட்டுத்தான எறக்குனீங்க?" என்றார்.

எந்த டவர் என்று கேட்டேன். அவர் கையைக் காட்டினார். ஹெலிகாப்டரின் மூக்கு பார்த்துக்கொண்டிருந்த அதே திசையில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், சிவப்பும் வெள்ளையும் அடித்த நாலு இரும்புக் கால்கள் கருவேல மரங்களுக்கு நடுவிலிருந்து எழுந்து மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. செல்ஃபோன் டவர். புதிதாகப் போட்டதாம், இன்னும் விளக்குக்கூட மாட்டவில்லையாம். ஹெலிகாப்டரின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். நான் பனைமரத்தைப் பார்த்து இறக்கினேன். இந்த டவரை நான் பார்க்கவே இல்லை. பனை கொஞ்சம் குட்டையாக இருந்திருந்தால் இன்னும் சிறிது தூரம் போயிருப்பேன். என் சாமர்த்தியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இவ்வளவுதான்.

அப்போது பைக் சத்தம் கேட்டது. சேற்றில் வழுக்கி வழுக்கி மச்சான் வந்தார். பட்டுவேட்டி முழங்காலுக்கு மேல் சுருண்டிருந்தது, மேலுக்குச் சட்டை இல்லை, நெற்றியில் விபூதி கரைந்து ஓடியது. பைக்குக்கு ஸ்டாண்ட் போடவில்லை, அப்படியே கீழே போட்டுவிட்டார். நேராக வந்து அக்காவின் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார். பிறகு என் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். அப்புறம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம் வேணாம்னு அம்புட்டு மெசேஜ் போட்டேனே மாப்ளே. டேங்கே காணாமப் போச்சுன்னு போட்டேனே. பாக்கலயா?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். மழையில் சிக்னல் கிடைத்திருக்காது, வேறு ஏதோ பழைய செய்தியை எடுத்துப் படித்திருப்பாள் என்று அந்த ஒரு கணத்தில் என் மனம் அவளுக்காக என்னென்னவோ தேடியது. அவள் தலைகுனியவில்லை.

"பாத்தேன்" என்றாள்.

மேகத்துக்குள் போயிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படித்தான் இருந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. டேங்க் தெரியவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, டேங்க் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். வெளிச்சமாக இருக்கிறது என்பதைச் சொந்தமாகச் சேர்த்திருக்கிறாள். என் அக்கா. கதவில்லாத ஹெலிகாப்டரில் உட்கார்ந்துகொண்டு. அவள் மேல் கோபம்கூட வரவில்லை, அத்தனை திகைப்பு. ஏன்க்கா என்று மட்டும் கேட்டேன்.

அவள் ஊர் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மேல கோபுரத்துச் சாரத்துல பொம்பளையாளுக ஏறக் கூடாது. கோயில் வேலைக்குக் கல்லும் மண்ணும் நாங்களுந்தான் சுமந்தோம். ஆனா அன்னைக்கு மட்டும் கீழ நின்னு அண்ணாந்து பாக்கணும், மேலேருந்து தெளிக்கிற தண்ணிக்குக் கைய நீட்டணும். அடுத்த கும்பாபிசேகத்துக்குப் பன்னெண்டு வருசமாகும். இன்னைக்கு ஒரு நா அந்தக் கலசத்த மேலேருந்து பாத்துரலாம்னு ஆசப்பட்டேன்."

இதை அவள் எப்போது என்னிடம் சொல்லியிருந்தாலும் வெயிலடிக்கிற ஒரு நாளில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பேன். ஆனால் அது அந்தக் கணம் ஆகாது என்பதும் எனக்குத் தெரிகிறது. சரி, உன் உயிர் உன்னுடையது. நான் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேனே, அது உன் காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"விழுந்துச்சு. நீ எப்பவும் அப்படித்தான தம்பி சொல்லுவ? பரீச்சைக்குப் போகும்போதெல்லாம் பயமா இருக்குக்கா, பெயிலாயிருவேன்னு அழுவ. பெறகு முதல் மார்க் வாங்கிட்டு வந்து நிப்ப. நீ பயமா இருக்குன்னு சொன்ன ஒடனே எனக்குத் தெம்பாயிருச்சு."

எனக்கு எதிரில் நின்றுகொண்டு, முகத்தில் ஒரு துளிப் பொய் இல்லாமல் இதைச் சொன்னாள். என்னை வம்புக்கு இழுத்து, மிரட்டி, அவமானப்படுத்திப் பறக்கச் சொன்னவர்களை எல்லாம் சமாளித்திருக்கிறேன். என்னை இவ்வளவு நம்புகிற ஒரு ஆளை என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் இல்லை. இன்றைக்கும் ஏறி உட்கார்ந்து, உங்களை நம்பித்தான் கேப்டன் என்று யாராவது சிரித்தால், இறங்கிப் போய் வானிலை அறிக்கையை இன்னொரு தடவை படித்துவிட்டு வருகிறேன்.

குடை பிடித்துக்கொண்டிருந்தவர் நாசூக்காகத் தள்ளிப்போய், ஆடுகளைத் தேடுவது போல நின்றார். மச்சான் எழுந்திருக்கவில்லை. சேற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"நான் மேல சாரத்துல நிக்கிறேன். ஒண்ணுந் தெரியல, வெள்ளையா இருக்கு. ஹெலிகாப்டர் சத்தம் வந்துச்சு. கீழ சனமெல்லாம் கைதட்டுது. நான் வேணாம்னுதான போட்டேன், எப்படி வாராகன்னு எனக்கு ஒடம்பு ஆடிப்போச்சு. அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. ஒரேயடியா நின்னுபோச்சு."

அக்கா அவர் கையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். யாகசாலையில் காப்புக் கட்டிக்கொண்டவர் கும்பாபிஷேகம் முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மச்சானின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இல்லை. அது இருந்த இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"காப்ப அத்துட்டீகளா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப கலசத்துக்குத் தண்ணி ஊத்துனது யாரு?"

"தெரியல. நான் பாக்கல. சத்தம் நின்னுச்சு, எறங்கிட்டேன்."

தலையில்லாத பனைமரங்களுக்கு நடுவில் வந்தபோது நடுங்காத அக்கா இப்போது நடுங்க ஆரம்பித்தாள். பட்டுப்புடவையோடு அவர் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து, அந்தச் சிவந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"தம்பி, அந்த டவர நீ மெய்யாவே பாக்கலயா?"

"பாக்கலக்கா" என்றேன்.

இந்தத் தடவை நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.